யு.எஸ்.ஆர்.ஏ. லைட் மிக்காடோ ஹெச்.ஓ. மாடல்: மாற்றியமைப்பவரின் மதிப்புரை

ஹெச்.ஓ. அளவில் (உண்மையில் ஏறத்தாழ 87இல் ஒரு பங்கு) ஆயத்தமாகக் கிடைக்கும் யு.எஸ்.ஆர்.ஏ. லைட் மிக்காடோ நீராவி இன்ஜின் மாடல் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். யு.எஸ்.ஆர்.ஏ. என்பது அமெரிக்க அரசின் ரயில்பாதை நிர்வாக அமைப்பு; மிக்காடோ என்பது முன்னால் இரண்டு, நடுவில் இயக்கச் சக்கரங்கள் எட்டு, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள் அமைந்த இன்ஜின் வகை, அதில் எடை குறைந்த வடிவமே லைட். தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளிலும் குறைகளிலும் பெரும்பாலானவை இந்த வகை மாடல்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. பெட்டியைத் திறந்து, தண்டவாளத்தில் வைத்து, ஓடவிட்டு ரசிப்பவருக்கு இது நல்ல மாடல் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் வரலாற்று ரயில்பாதையை மாடலாக அமைப்பவருக்கு அந்த விடை போதாது. ஒரு குறிப்பிட்ட ரயில்பாதையில், ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாங்கி ஓடிய இன்ஜினாக இதை மாற்ற முடியுமா, அந்த வேலைக்கு இதன் கட்டமைப்பு எங்கே இடம் கொடுக்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதை வைத்தே நான் இதை எடைபோடுகிறேன்.

இந்தக் கேள்வி மற்ற இன்ஜின்களைவிட லைட் மிக்காடோவுக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதற்கு அதன் வரலாறே காரணம். முதல் உலகப் போரின்போது, 1917 டிசம்பர் இறுதியில் அமெரிக்க அரசு நாட்டின் ரயில்பாதைகளைத் தன் நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தது. 1920 மார்ச் 1 அன்று அவற்றை உரிமையாளர்களிடம் திருப்பி ஒப்படைத்தது. அந்தக் குறுகிய காலத்துக்குள் பன்னிரண்டு பொது வடிவமைப்புகளை வகுத்து, பல ரயில்பாதைகளுக்கும் ஒரே வரைபடத்தின்படி இன்ஜின்களைக் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றில் முதலாவதாக வெளிவந்தது ஒரு லைட் மிக்காடோதான்: 1918 ஜூலையில் பால்ட்வின் தொழிற்சாலை கட்டி முடித்த, பால்டிமோர் அண்ட் ஓஹாயோ ரயில்பாதையின் 4500. அரசு நிர்வாகத்தின்கீழ் இந்த வகையில் 625 இன்ஜின்கள் கட்டப்பட்டன. ரயில்பாதைகள் உரிமையாளர் கைக்குத் திரும்பிய பிறகும் இதே வரைபடத்தைப் பின்பற்றிப் பல நூறு இன்ஜின்கள் உருவாயின.

கட்டப்பட்ட நாளில் இவையெல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. 26 அங்குல விட்டமும் 30 அங்குல வீச்சும் கொண்ட சிலிண்டர்கள், 63 அங்குல இயக்கச் சக்கரங்கள், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு கொதிகலன் அழுத்தம், 10,000 காலன் தண்ணீரும் 16 டன் நிலக்கரியும் கொள்ளும், இன்ஜினுக்குப் பின்னால் இணைந்த வண்டியான டெண்டர். பிரிவு அதன்பின்தான் தொடங்கியது. ஒவ்வொரு ரயில்பாதையின் பணிமனையும் தன் வழக்கப்படி விளக்கை இடம் மாற்றியது, மணியை நகர்த்தியது, ஊட்டுநீர் சூடேற்றியைப் பொருத்தியது, பெரிய டெண்டரை இணைத்தது, ஓட்டுநர் அறையான கேபின் ஜன்னலை மாற்றியது. இருபது, முப்பது ஆண்டுகளில் இந்த உடன்பிறப்புகள் ஒன்றையொன்று அடையாளம் காண முடியாத அளவுக்கு மாறிப்போயின. ஆகவே இந்த மாடல் 1918, 1919ஆம் ஆண்டுகளுக்குப் பல ரயில்பாதைகளிலும் அப்படியே பொருந்தும்; 1940களின் பிற்பகுதியை மாடலாக அமைக்கும் என்னைப் போன்றவருக்கு எந்த ரயில்பாதையிலும் அப்படியே பொருந்தாது. நிறுவனமோ அதே உடலின்மேல் பத்து ரயில்பாதைகளின் பெயர்களை அச்சிட்டு விற்கிறது. அதில் தவறு எதுவும் இல்லை. வாங்குகிறவர் அதைத் தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவுகளைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. ஹெச்.ஓ. அளவு என்பது ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்ற கணக்கு. 63 அங்குலச் சக்கரம் அதில் 18.4 மி.மீ. ஆகிறது, முதல் இயக்கச் சக்கரத்தின் அச்சுக்கும் கடைசிச் சக்கரத்தின் அச்சுக்கும் இடையிலான 16 அடி 9 அங்குலம் 58.6 மி.மீ. ஆகிறது. வெர்னியரால் அளந்தபோது மாடல் இந்த இரண்டுக்கும் மிக நெருக்கமாகவே இருந்தது. கண்ணை உறுத்துவது சக்கரத்தின் அகலம். உண்மையான சக்கரத்தின் விளிம்புப் பட்டை ஹெச்.ஓ. அளவில் 1.7 மி.மீ. அளவுக்குத்தான் வர வேண்டும். மாடலில் வழக்கமான 2.8 மி.மீ. பட்டையே இருக்கிறது. அதற்கு இடம்விட வேண்டியிருப்பதால் சிலிண்டர்களும், பிஸ்டன் தண்டோடு முன்னும் பின்னும் நகரும் கிராஸ்ஹெட்டும் சற்று வெளியே தள்ளி நிற்கின்றன. முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது இன்ஜின் கொஞ்சம் அகன்று தெரிவதற்கு இதுவே காரணம். வளைவுகளிலும் பாதை மாற்றிகளிலும் தடம் புரளாமல் ஓட வேண்டிய எந்த ஆயத்த மாடலிலும் இந்தச் சமரசம் இருக்கும் என்பதால் இதை நான் குறையாக எண்ணவில்லை.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கொதிகலன் முழுவதும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. கேபும் டெண்டரின் மேலுடலும் பிளாஸ்டிக். உலோகக் கொதிகலனால் எடை கூடி இழுவிசை நன்றாக இருக்கிறது. ஆனால் அறுத்து மாற்றுபவருக்கு அந்த உலோகமே தடை. துத்தநாகக் கலவை அரத்தின் பற்களில் அப்பிக்கொள்ளும், சாதாரணப் பற்றவைப்பு அதில் பிடிக்காது, 0.35 மி.மீ. டிரில் பிட்டைக் கொஞ்சம் சாய்த்து அழுத்தினாலும் அது உள்ளேயே முறிந்து நின்றுவிடும். பிளாஸ்டிக் உடலில் கூரிய உளிக் கத்தியால் சீவி எடுத்துவிடக்கூடிய ஒரு குழாயை, இதில் சிறிய அரத்தால் மணிக்கணக்கில் தேய்த்து நீக்க வேண்டும். அதுவும் அடியிலுள்ள கொதிகலனின் உருளை வளைவு தட்டையாகிவிடாமல் தேய்க்க வேண்டும்.

அப்படியானால் எவையெல்லாம் தனிப் பாகங்களாக வருகின்றன, எவையெல்லாம் உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் இந்த மாடலின் உண்மையான தரத்தைக் காட்டும் கேள்வி. மணி, விசில், பாதுகாப்பு வால்வுகள், முன்விளக்கு, மின்னாக்கி, காற்றழுத்த பம்ப், கைப்பிடிக் கம்பிகள் ஆகிய எல்லாமே தனித்தனியாகச் செருகப்பட்டவை. பின்னாலிருந்து ஒரு மெல்லிய ஊசியால் தள்ளினால் பெரும்பாலானவை உடையாமல் வெளிவருகின்றன. புகைப்பெட்டியின் முன்முகம் அழுத்திப் பொருத்திய தனி வட்டத் தகடு. இதை வடிவமைத்தவருக்கு மனமார நன்றி சொல்ல வேண்டும். ஓர் இன்ஜினின் முகம் மாறினால் பாதி அடையாளம் மாறிவிடும். விளக்கு நடுவில் இருந்ததா, மேலே இருந்ததா, எண் பலகை எங்கே இருந்தது, கதவைச் சுற்றி எத்தனை பிடிப்பான்கள் இருந்தன என்பதையெல்லாம் புதிய தகடு ஒன்றை வைத்தே சரிசெய்துகொள்ளலாம்.

கைப்பிடிக் கம்பிகளை மட்டும் முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. உண்மையில் ஒன்றரை அங்குலக் குழாய் என்று வைத்துக்கொண்டால் ஹெச்.ஓ. அளவில் அது 0.44 மி.மீ.தான், மாடலில் இருப்பது அதைவிடத் தடிமனான பிளாஸ்டிக், ஒரு முறை கழற்றினால் நேராக நிற்பதும் இல்லை. பித்தளைக் கம்பியில் புதிதாக இழுத்தால் இன்ஜினின் தோற்றமே மெருகேறுகிறது.

உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டவை, சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் மணல் தூவும் மணல் குழாய்களும், கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தும் கருவியான இன்ஜெக்டரின் இரண்டு பக்கத்துக் குழாய்களும். என்னுடைய மிகப் பெரிய மனக்குறை இங்கேதான் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, ஊட்டுநீர் சூடேற்றி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டெண்டரிலிருந்து வரும் குளிர்ந்த நீரை, வேலை முடித்து வெளியேறும் நீராவியால் முன்கூட்டியே சூடாக்கிக் கொதிகலனுக்குள் அனுப்பினால் எரிபொருள் மிச்சமாகும். 1920களில் பல ரயில்பாதைகள் இந்தக் கருவியைத் தங்கள் இன்ஜின்களில் பொருத்தின. வொர்த்திங்டன் நிறுவனத்தின் தொடக்ககால வகை, பம்பும் சூடேற்றியும் ஒன்றாக இணைந்த பெட்டியாகக் கொதிகலனின் இடப்பக்கத்தில் தொங்கும். எலெஸ்கோ வகையில் புகைபோக்கிக்கு முன்னால், புகைப்பெட்டியின் மேல், குறுக்கே ஓர் உருளை படுத்திருக்கும். பம்ப் மட்டும் இடப்பக்கம் இருக்கும். நான் உருவாக்க விரும்பிய இன்ஜின் எலெஸ்கோ வகையைச் சேர்ந்தது. அந்த உருளையைப் பித்தளை வார்ப்பாக வாங்கி மேலே ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அது போதும். நெருங்கிப் பார்ப்பவருக்கு அது எங்கும் போகாத, எதையும் செய்யாத ஓர் உருளைதான்.

குழாய்கள்தான் அதற்கு உயிர் கொடுக்கின்றன. பம்புக்கு நீராவி வரும் மெல்லிய குழாய் ஒன்று. டெண்டரிலிருந்து பம்புக்குக் குளிர்ந்த நீர் வரும் குழாய் ஒன்று. பம்பிலிருந்து உருளைக்கு ஏறும் குழாய் ஒன்று. உருளையிலிருந்து கொதிகலனின் பக்கவாட்டில், நீர் திரும்பி வராமல் தடுக்கும் தடுப்பு வால்வுக்குச் சூடான நீரைக் கொண்டுசெல்லும் தடித்த குழாய் ஒன்று. உருளைக்குள் குளிர்ந்து நீரான நீராவியை டெண்டருக்கே திருப்பி அனுப்பும் சிறிய குழாய் ஒன்று. ஒவ்வொன்றும் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வெவ்வேறு தடிமன் கம்பிகளை வளைத்தால், பழைய புகைப்படத்தில் குழப்பமாகத் தெரிந்த இடப்பக்கம் சட்டென்று விளங்கிவிடும். சூடான நீர்க் குழாயின்மேல் வெப்பக் காப்புப் பூச்சு இருந்திருந்தால் அது சற்றுப் பருத்துத் தெரியும். வளைவில் மட்டும் அந்தப் பூச்சைக் கொஞ்சம் ஒழுங்கற்றதாகக் காட்டலாம். எபாக்ஸி மாவை ஈரக்கையால் தடவி இதைச் செய்தேன், படத்தில் இருப்பதைப் போலவே அமைந்தது.

இப்போது மனக்குறைக்கு வருகிறேன். கொதிகலனுக்கு நீர் ஊட்ட இரண்டு வழிகள் வேண்டும். சூடேற்றி பொருத்திய பிறகு பெரும்பாலும் வலப்பக்க இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு, இடப்பக்கத்து இன்ஜெக்டரை அகற்றிவிடுவார்கள். அதன் வேலையைச் சூடேற்றியின் பம்ப் ஏற்றுக்கொள்ளும். ஆகவே மாடலிலும் இடப்பக்க இன்ஜெக்டர் குழாய் போயாக வேண்டும். ஆனால் அது உலோகத்தில் கொதிகலனோடு ஒன்றாக வார்க்கப்பட்டு, கேபின் முன்சுவரிலிருந்து தடுப்பு வால்வுவரை நீண்டு கிடக்கிறது. வழியில் கொதிகலன் உறையின் பட்டைகள் சிலவற்றையும் அது கடக்கிறது. குழாயைத் தேய்த்தால் பட்டைகளும் தேய்கின்றன. பிறகு அவற்றை மெல்லிய ஸ்டைரீன் கீற்றுகளால் மறுபடியும் ஒட்டிக் காட்ட வேண்டும். இந்த வகை இன்ஜின்களில் ஏராளமானவை தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ஏதோ ஒரு சூடேற்றியைச் சுமந்தே ஓடின என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மணியையும் விசிலையும் தனியாகத் தந்தவர்கள் இந்த ஒரு குழாயையும் தனிப் பாகமாகத் தந்திருந்தால், மாற்றியமைப்பவரின் வேலையில் பெரும்பகுதி குறைந்திருக்கும்.

டெண்டரில் நிலைமை தலைகீழ். மேலுடலைப் பிடித்திருப்பவை நான்கு திருகுகள்தான். நிலக்கரிக் குவியல் தனியாகக் கழன்று வருகிறது. இன்ஜினுக்கும் டெண்டருக்கும் இடையே செருகி எடுக்கும் மின் இணைப்பு இருக்கிறது. 10,000 காலன் டெண்டரைக் கழற்றிவிட்டு வேறொரு பெரிய டெண்டரை இணைப்பதற்கு மின்கம்பி எதையும் வெட்ட வேண்டியதில்லை. நீருக்காக நிற்கும் நிறுத்தங்களைக் குறைக்க ரயில்பாதைகள் முதலில் மாற்றியவற்றில் டெண்டரும் ஒன்று என்பதால் இது சிறிய வசதி அல்ல. இணைப்புத் தகட்டில் இரண்டு துளைகள் உள்ளன; நெருக்கமான துளையில் மாட்டினால் கேபுக்கும் டெண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி நம்பும்படியாக அமைகிறது. இறுக்கமான வளைவுகள் உள்ளவர்கள் மட்டும் மற்றத் துளையைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

ஓட்டம் நிறைவாக இருக்கிறது. மெதுவாக ஊர்ந்து செல்லும் வேகத்திலும் தயக்கம் இல்லை. கூடவே வரும் ரப்பர் வளையம் பூட்டிய சக்கர இணையை நான் பயன்படுத்தவில்லை. இழுவிசை கூடினாலும் அந்தச் சக்கரங்கள் வழியாக மின்சாரம் கிடைக்காமல் போகும், உலோகக் கொதிகலனின் எடையே என் ரயில்களுக்குப் போதும். ஒலியைப் பற்றி ஒரு சொல். இரண்டு சிலிண்டர் கொண்ட இத்தகைய இன்ஜினில் சக்கரம் ஒரு முறை சுழலும்போது நான்கு முறை புகைபோக்கி ஒலிக்க வேண்டும். 63 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 35 மைல் வேகம் என்றால் நொடிக்குப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஒலிகள்; காதுக்கு அது ஏறத்தாழ ஒரே தொடர் ஒலியாகிவிடும். ஆலையிலிருந்து வந்த அமைப்பில் சுழற்சிக்கும் ஒலிக்கும் இசைவு இல்லை. இன்ஜினுக்குள் ஓட்டத்தையும் ஒலியையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பாகமான டீகோடரில் அதற்கான மதிப்பைச் சரிசெய்து, மிக மெதுவான வேகத்தில் இணைப்புத் தண்டைக் கவனித்தபடி எண்ணிப் பார்த்தால் சரியாகிவிடும். கூடவே டீகோடரின் அமைப்பு எண்களான சிவிகளில் மூன்றாவது, நான்காவதன் மதிப்புகளை உயர்த்தி, வேகமெடுப்பதையும் நிற்பதையும் தாமதப்படுத்தினால் சரக்கு ரயிலின் பாரம் கண்ணுக்குத் தெரியும்.

வண்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளர்களைக் கேடி நிறுவனத்தின் 158 வகைக்கு மாற்றினேன். தலை சிறியது, அளவுக்கு ஏற்றது, பொருத்துவதில் எந்தச் சிக்கலும் இல்லை. உயரத்தை மட்டும் அளவுகோலில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்ணப்பூச்சைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஆலையின் பூச்சு மெல்லியது, சீரானது. நுண்ணிய ரிவெட்டுகளை மறைக்கவில்லை. ஆனால் இன்ஜின் முழுவதும் ஒரே கறுப்பு. உண்மையில் புகைப்பெட்டிக்குக் கொதிகலனைப் போல வெப்பக் காப்பும் அதன்மேல் உறையும் கிடையாது. அங்கே சாதாரண வண்ணம் வெப்பத்தில் நிற்காது என்பதால் கிராஃபைட் கலந்த பூச்சைப் பூசினார்கள். அது சாம்பல் நிறமாகவும் மங்கலாகவும் தெரியும். புகைப்பெட்டியை மட்டும் இந்தச் சாம்பலுக்கு மாற்றி, கொதிகலனைக் கொஞ்சம் வெளிறிய கறுப்பாக்கியதும், ஒரே கட்டியாகத் தெரிந்த உடல் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து தெரியத் தொடங்கியது. அழுக்கையும் காரணத்தோடுதான் வைக்க வேண்டும். பாதுகாப்பு வால்வுகளைச் சுற்றியும் இன்ஜெக்டரின் கீழும் கடினநீர் உலர்ந்த வெள்ளைக் கோடுகள், மணல் குழாய்களின் முனையருகே வெளிறிய தூசி, கொதிகலனின் முதுகில் புகைக்கரி, டெண்டரின் மேல்தளத்தில் நிலக்கரித் தூள், தண்டுகளின்மேல் எண்ணெயும் தூசியும் கலந்த பழுப்பு. மாடலின் இணைப்புத் தண்டுகள் கண்ணாடி போலப் பளபளக்கின்றன. அவற்றைக் கறுப்பாக்கும் ரசாயனத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாலே பொம்மைத் தோற்றம் போய்விடும்.

அச்சிட்ட எழுத்துகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் பொறுமையாக ஒற்றித் தேய்த்தால் அடிப்பூச்சுக்குச் சேதமில்லாமல் நீங்குகின்றன. புதிய எழுத்துகள் அச்சிட்ட மெல்லிய படலமான டெக்கால் ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்புப் பூச்சு அவசியம். சொரசொரப்பான பரப்பில் காற்று சிக்கி எழுத்தைச் சுற்றி வெள்ளி போல மின்னும். மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் மைக்ரோ செட், மைக்ரோ சால் திரவங்கள் இந்த வேலைக்கு நம்பகமானவை. குறிப்பாக, கேபின் பக்கவாட்டில் ரிவெட் வரிசையின்மேல் எண்கள் வரும் இடத்தில் மைக்ரோ சால் தடவியதும் டெக்கால் முதலில் சுருங்கி அச்சமூட்டும். தொடாமல் விட்டுவிட்டால் உலரும்போது ஒவ்வொரு ரிவெட்டின்மேலும் படிந்து, நேராகத் தீட்டியது போலவே ஆகிவிடும். அதன்மேல் மேட் பூச்சு.

ஆதாரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பால்டிமோரிலுள்ள அருங்காட்சியகத்தில் 4500 இன்றும் நிற்கிறது. நிக்கல் பிளேட் ரோடின் 587, கிராண்ட் டிரங்க் வெஸ்டர்னின் 4070 ஆகியவையும் எஞ்சியிருக்கின்றன. குழாய்களின் வளைவு, ரிவெட்டுகளின் வரிசை, கேபுக்குள் இருக்கும் அமைப்பு ஆகியவற்றுக்கு இவற்றைவிட நல்ல ஆசிரியர்கள் இல்லை. ஆனால் காப்பாற்றப்பட்ட இன்ஜின் தன் கடைசிப் பணிக்கால வடிவத்திலோ, பிற்காலச் சீரமைப்பில் பெற்ற வடிவத்திலோதான் நிற்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டின் வடிவத்தை அது காட்டும் என்று நம்பக் கூடாது. தேதி தெரிந்த புகைப்படங்கள், அதுவும் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் கையில் இல்லாமல் அரத்தை எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

மாடலோடு வரும் விளக்கத்தாளில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் இருக்கிறது. பாக எண்கள் இல்லை. உதிரிப் பாகங்கள் கேட்டு எழுதியபோது, முழு இன்ஜினாக மட்டுமே விற்பதாகப் பதில் வந்தது. மாற்றியமைப்பவரைத் தன் வாடிக்கையாளராகவே அந்த நிறுவனம் கருதவில்லை என்று அப்போது வருத்தமாக இருந்தது. புகைப்பெட்டி முன்முகத் தகட்டையும், தண்டவாளத்துக்கு மேலே முன்புறம் இருக்கும் தடுப்பான பைலட்டையும், கேபையும் தனியாக விற்றால், அவற்றை வாங்க எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

முதன்முறையாக ஓர் இன்ஜினை மாற்றியமைக்கத் துணிபவருக்கு, சூடேற்றி பொருத்தாத இன்ஜின் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால், இந்த மாடலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்: முன்முகம், விளக்கு, மணி, கைப்பிடிகள், டெண்டர், எழுத்துகள் என்று எல்லாம் கைக்கு அடங்கும் வேலைகள். சூடேற்றி பொருத்திய இன்ஜின்தான் வேண்டும் என்பவர், இதே வகையில் பிளாஸ்டிக் கொதிகலன் கொண்ட பழைய மாடல் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கலாம். அதன் எடையைக் கூட்ட உள்ளே ஈயத்தகடு வைத்துவிட முடியும். துத்தநாகத்தில் வார்த்த குழாயைத் தேய்த்து எடுப்பதைவிட அது எளிது. நிறுவனம் இந்த மாடலை மறுபடியும் தயாரிக்கும் எண்ணத்தில் இருந்தால், இடப்பக்க இன்ஜெக்டர் குழாய் இல்லாத ஒரு கொதிகலன் வார்ப்பையும், அந்தக் குழாயைத் தனிப் பாகமாகவும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.